தணல் இறங்கும் வரை: திருகோணமலைக் கடற்கரையில் இறைச்சி வாட்டிய அனுபவம்

வைகாசி பிறந்து கச்சான் காற்று வீசத் தொடங்கிவிட்டால் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் பின்னேரங்களில் இறைச்சிப் புகை எழும்பாத வளவு குறைவு. விடுதிக்காரர் விருந்தாளிகளுக்குச் சுடுவார்கள். கொழும்பில் இருந்து வான் பிடித்து வருகிற குடும்பங்கள் தாங்களே கொண்டுவந்த சின்ன இரும்பு அடுப்பில் சுடும். ஊர்ப் பொடியன்மார் மூன்று கல்லை வைத்துச் சுடுவார்கள். நான் உப்புவெளியில் ஒரு சின்ன விருந்தினர் விடுதியில் சீசன் முழுக்கத் தணல் அடுப்புக்குப் பொறுப்பாக நிற்கிறவன். சாப்பிட்டு முடித்தவர்களில் பாதிப் பேர் வந்து கேட்பது "அண்ணே, என்ன மசாலா போட்டீங்க?" என்பதுதான். மசாலாவைச் சொல்ல எனக்கு ஒரு நிமிடம் போதும். எழுதிக்கொண்டு போனவர்களில் சிலர் அடுத்த சீசனுக்கு வந்து, "அந்த ருசி வரல்லையே" என்பார்கள். என்ன விறகு, எவ்வளவு நேரம் எரியவிட்டீங்க, காற்று எந்தப் பக்கம் என்று திருப்பிக் கேட்டால் முழிப்பார்கள். அதனால் இங்கே நெருப்பைப் பற்றித்தான் கூட எழுதப்போகிறேன். மசாலா இடையில் வரும்.

இந்த வேலையை நான் ஒழுங்காகப் பழகியது 2022இல். அந்த வருடம் நாட்டில் காஸ் இல்லை, டீசல் இல்லை, சீசனுக்கு வரவேண்டிய வெளிநாட்டுக்காரரும் பெரிதாக இல்லை. சிலிண்டருக்கு வரிசையில் நின்று களைத்த டவுன் சனம் விறகு தேடத் தொடங்கியது. விடுதிக் குசினியும் விறகுக்கு மாறவேண்டி வந்தபோது சாம்பல்தீவில் இருக்கிற பெரியம்மாவிடம் போய்க் கொஞ்ச நாள் நின்றேன். அவர் வீட்டில் காஸ் அடுப்பு ஒன்று இருந்தது, அதற்கு மேலே அரிசிப் பானையை வைத்திருந்தார். சமையல் எல்லாம் பின்வளவில் விறகில்தான்.

கோழி வாட்டுகிற நாளில் அவர் செய்ததை இப்போதும் அப்படியே செய்கிறேன். அடுப்பில் நெருப்பு மூட்டவில்லை. அடுப்புக்கு நாலடி தள்ளி நிலத்தில் ஒரு சின்னக் குழி, அதற்குள் விறகை அடுக்கி எரித்தார். சுவாலை ஆளுயரத்துக்கு எழும்பியது. நான் கோழித் தட்டோடு கிட்டப் போனேன். "சுவாலை எரியக்குள்ள சட்டியை வைக்கலாம், இறைச்சிய வைக்கப்படாது மகன். சுவாலை கறுப்பாக்கும், அவிக்காது" என்றார். பிறகு பாக்குச் சீவிக்கொண்டு இருந்துவிட்டார். முக்கால் மணித்தியாலம் போயிருக்கும். விறகு உடைந்து விழுந்து, மேலே வெள்ளைச் சாம்பல் பூத்து, உள்ளே சிவப்பாகக் கிடந்தது. அதை மண்வெட்டியால் வாரி அடுப்புக்குள் போட்டு, தணல் குறையக் குறையக் குழியில் இருந்து இன்னும் கொஞ்சம் வாரிப் போட்டார். குழியில் ஒரு கட்டை எப்போதும் எரிந்துகொண்டே இருந்தது. இறைச்சிக்குக் கீழே மட்டும் சுவாலை வரவே இல்லை.

இதற்குக் காரணம் இருக்கிறது. விறகு பற்றுகிற நேரத்தில் அதில் உள்ள ஈரமும் பிசினும் அரைகுறையாக எரிந்து தடித்த புகையாக வெளியே வரும். அந்தப் புகை இறைச்சியில் படிந்தால் கரிக்கசப்பு ஏறும், நாக்கு மரத்தமாதிரி இருக்கும். தணலாகிவிட்ட விறகில் அதெல்லாம் எரிந்து போய்விடும், மிஞ்சுவது கரி. அது புகையாமல் வெக்கையை மட்டும் நேராக மேலே அனுப்பும். தணலில் கொழுப்பு சொட்டும்போது எழும்புகிற கொஞ்சப் புகைதான் நாங்கள் விரும்புகிற வாசம். அந்தக் கொஞ்சம் கூடிப்போய்க் கொழுப்பு பற்றி எரியத் தொடங்கினால் வாசமும் போச்சு, உடம்புக்கும் நல்லதில்லை. கொழுப்பு எரிந்த புகையிலும் இறைச்சியின் கருகின பகுதியிலும் புற்றுநோயோடு தொடர்புடைய பொருட்கள் உண்டாகின்றன. கருகின விளிம்பை யோசிக்காமல் வெட்டி எறிந்துவிட்டுப் பரிமாறுங்கள்.

தணல் சரியா என்று பார்க்க அடுப்புக் கம்பிக்கு ஒரு சாண் மேலே உள்ளங்கையை விரித்துப் பிடித்து எண்ணிப் பாருங்கள். இரண்டு, மூன்று எண்ணுவதற்குள் கையை இழுத்துக்கொண்டால் அது இறாலுக்கும் கணவாய்க்கும் மெல்லிய மாட்டிறைச்சித் துண்டுக்கும் உரிய வெக்கை. ஐந்து, ஆறு வரை தாங்கினால் எலும்போடு கூடிய கோழிக்குச் சரி. எட்டு, பத்து வரை எண்ணமுடிந்தால் அது சூடாக வைத்திருக்க மட்டும் காணும்.

விறகு விசயத்தில் எங்கள் மாவட்டத்துக்குக் குறையில்லை. வரண்ட காட்டு மரங்கள் பெரும்பாலும் இறுக்கமானவை. பாலையும் வீரையும் கல்லுமாதிரிப் பாரம், தணல் நெடுநேரம் நிற்கும். ஆனால் அரச காட்டுக்குள் அனுமதி இல்லாமல் மரம் தறிப்பது குற்றம். நான் வாங்குவது வளவுகளில் கிளை வெட்டும்போது வருகிற விறகு: புளி, மா, கொய்யா. புளியங்கட்டை வெக்கை கூட. கொய்யாக் கட்டை மெதுவாக எரியும், புகை மணமானது. கோழிக்கு என் முதல் தெரிவு கொய்யாதான். வேம்பு எரித்துப் பார்த்தவர்கள் நல்லது என்கிறார்கள், என் நாக்குக்குக் கசக்கிறது. தென்னை மட்டையும் பொச்சுமட்டையும் (தேங்காய் உரித்த மட்டை) பற்றவைக்க நல்லவை, சுடுவதற்குக் காணாது. மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைப்பதை நான் என் அடுப்புக்குக் கிட்டவே விடுவதில்லை. காய்ந்த பன்னாடையும் ஒரு தென்னம்பாளையும் இருக்கிற ஊரில் மண்ணெண்ணெய்க்கு என்ன வேலை?

காய்ந்த விறகா என்று பார்ப்பது லேசு. இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டினால் டங்கென்று கேட்க வேண்டும். மொத்தென்று விழுந்தால் ஈரம். வெட்டுமுகத்தில் நட்சத்திரம்மாதிரி வெடிப்பு ஓடியிருந்தால் காய்ந்துவிட்டது. மாரிக்கு முன், புரட்டாசிக்குள், வருகிற வருடத்து விறகை வாங்கித் தகரத்துக்குக் கீழே அடுக்கிவிடுவேன். ஐப்பசிக்குப் பிறகு வாங்கினால் தண்ணீரைத்தான் காசு கொடுத்து வாங்குகிறீர்கள்.

எரிக்கக்கூடாதவற்றைக் கடற்கரைக்காரருக்கு அழுத்திச் சொல்ல வேண்டும். கரையில் ஒதுங்குகிற கட்டைகள் பார்க்க அழகாக, வெள்ளையாக, காய்ந்து கிடக்கும். சுற்றுலாக்காரர் ஆசையாகப் பொறுக்கி வருவார்கள். அது உப்பில் ஊறின கட்டை. உப்பில் உள்ள குளோரின் எரியும்போது டயொக்சின் போன்ற நஞ்சுகள் உண்டாகும். குளிர்காய எரிப்பதே சரியில்லை, அதன்மேல் இறைச்சி வைப்பது கதைக்கவே தேவையில்லை. பழைய வள்ளத்துப் பலகையும் அப்படித்தான். அடிப்பாகத்தில் பாசியும் சிப்பியும் ஒட்டாமல் இருக்கப் பூசின மையில் நஞ்சு இருக்கிறது. ஒட்டுப்பலகை, பெயின்ட் அடித்த யன்னல் சட்டம், மருந்தடித்த மரப்பெட்டி எல்லாம் ஒதுக்கவேண்டியவை.

இன்னொன்று தில்லை. களப்போரங்களில் கண்டல்களோடு சேர்ந்து நிற்கிற மரம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வை போகக்கூடும், எரித்தால் புகையும் கண்ணை எரிக்கும். களப்புப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும், தொடமாட்டார்கள். வெளியூரில் இருந்து வந்து களப்போரத்தில் கூடாரம் அடிக்கிறவர்களுக்குத்தான் தெரியாது. கண்டல் தறிப்பதும் குற்றம் என்பதையும் அவர்களுக்குச் சொல்லவேண்டியிருக்கிறது. புறாத்தீவுக்கு அடுப்பும் கரியும் கொண்டு போகலாமா என்று கேட்டவர்களும் உண்டு. அது 2003இல் இருந்து தேசிய பூங்கா, அங்கே நெருப்பு மூட்ட விடமாட்டார்கள்.

விறகு எரித்துத் தணலாக்க நேரம் இல்லாதவர்களுக்குச் சிரட்டைக்கரியைவிட நல்லது எங்கள் நாட்டில் இல்லை. கெதியாகச் சூடேறும், புகை குறைவு, வெக்கை கடுமை. கடையில் மூட்டையாக வாங்கலாம், வீட்டிலும் செய்யலாம். முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி வெட்டுங்கள். தும்பு நீக்கின, காய்ந்த சிரட்டைகளை அடியில் கொஞ்சம் போட்டுப் பற்றவையுங்கள். பற்றி எழும்பியதும் மேலே அடுத்த அடுக்கு, அது பற்றியதும் அடுத்தது, இப்படிக் குழி நிறையும் வரை. முதலில் வெள்ளையாகத் தடித்த புகை வரும். அது மெலிந்து நீலமாகத் தெரிகிற நேரம்தான் மூடுகிற நேரம். பிந்தினால் கரி இல்லை, சாம்பல்தான். தகரத்தால் மூடி, விளிம்பெல்லாம் ஈரமண் அப்பி, காற்று போகாமல் அடைத்துவிடுங்கள். அடுத்த நாள் தகரத்தில் கை வைத்துப் பார்த்துக் குளிர்ந்திருந்தால் மட்டும் திறக்கலாம். உள்ளே ஒரு துண்டு உயிரோடு இருந்தாலும் காற்றுப் பட்டதும் குழி முழுக்கத் திரும்பப் பற்றும். சிரட்டையின் பாரத்தில் கால்பங்குக்குக் கொஞ்சம் கூடக் கரி கிடைத்தால் நல்ல சூளை. நல்ல கரித்துண்டு உடைக்கும்போது கண்ணாடிமாதிரிச் சத்தம் போடும், உடைந்த முகம் மினுங்கும்.

அச்சில் வார்த்த கரிக்கட்டியும் இப்போது கடைகளில் வருகிறது. அதில் ஒட்டுவதற்கு மா சேர்த்திருப்பார்கள். முழுதும் சாம்பல் பூத்த பிறகே இறைச்சியை வைக்கவேண்டும்.

அடுப்புக்கு எங்கள் ஊரில் எல்லாரும் செய்வது டிரம்மை நெடுக்காகப் பிளப்பதுதான். பிளக்க முன் அதில் என்ன இருந்தது என்று கேளுங்கள். சமையல் எண்ணெயோ வேறு சமையல் பொருளோ என்றால் நன்றாக எரித்துக் கழுவிப் பாவிக்கலாம். பூச்சிமருந்தோ இரசாயனமோ இருந்திருந்தால் இலவசமாகத் தந்தாலும் வேண்டாம். கம்பித்தட்டு அதைவிடப் பெரிய விசயம். பழைய பிரிட்ஜ் தட்டை எடுத்து வைக்கிறார்கள். அதன் பூச்சில் கட்மியம் இருக்கலாம். வேலிக்கு அடிக்கிற நாகம் பூசின வலையும் கூடாது, கடுஞ்சூட்டில் அந்தப் பூச்சு ஆவியாகிற புகை காய்ச்சலைக் கொண்டுவரும். கொங்கிறீற்றுக்குப் போடுகிற வெறும் இரும்புக் கம்பியை வெல்டிங் கடையில் கொடுத்து விரல் இடைவெளியில் ஒட்டுவித்தால் பத்து வருடம் உழைக்கும். காசு இருந்தால் துருப்பிடிக்காத இரும்பு. அதை இரண்டு உயரத்தில் வைக்கக்கூடியமாதிரிக் கொக்கி போடச் சொல்லுங்கள்: தணலுக்கு நாலு விரல் உயரத்தில் ஒன்று, ஒரு சாண் உயரத்தில் ஒன்று.

கல் அடுப்பு வைக்கிறவர்கள் கரையில் கிடக்கிற முருகைக்கல்லை (பவளக்கல்) எடுக்க வேண்டாம். உள்ளே ஈரம் ஊறிக் கிடக்கும். சூடேறி வெடித்தால் துண்டு முகத்துக்குத்தான் பறக்கும்.

இனிக் காற்று. கச்சான் தரைப்பக்கத்தில் இருந்து, மேற்கும் தென்மேற்குமாக, காய்ந்து, சூடாக வரும். மத்தியானம் கடுமை. சில நாள் இருட்டும் வரை நிற்கும். இந்தக் காற்றில் தணல் இரண்டு மடங்கு வேகமாகத் தின்னும், நேற்று ஒரு மூட்டையில் முடிந்த வேலைக்கு இன்று ஒன்றரை கேட்கும். அடுப்பின் நெடுப்பக்கத்தைக் காற்றுக்குக் குறுக்காகத் திருப்பி, மேற்கே ஒரு தகரத்தை நிறுத்துங்கள். அதற்குப் பிறகும் காற்று உள்ளே வரும். ஆகவே தணலை அடுப்பு முழுக்கப் பரப்பாமல், காற்று போகிற பக்கத்தில் முக்கால்வாசியைக் குவித்துவிட்டு, காற்று வருகிற பக்கத்தை வெறுமையாக விடுங்கள். மெதுவாக அவியவேண்டிய இறைச்சி அந்த வெறும் பக்கத்தில் இருக்கட்டும். மாறிப் போட்டால் காற்று சுவாலையையும் சாம்பலையும் இறைச்சிமேல் அடிக்கும், ஒரு பக்கம் கரிக்கட்டை, மறுபக்கம் பச்சை. உப்புவெளியில் வாட்டுகிறவர்கள் சொதப்புவதில் பெரும்பங்கு இதுதான், மசாலாவில் ஒன்றும் இல்லை.

கச்சான் விழுந்த பின்னேரங்களில் கடற்காற்று எடுக்கும். அப்போது புகை கரையை விட்டு மேசைகளுக்கு வரும். விருந்தாளிகள் எங்கே இருக்கிறார்கள் என்பதைப் பார்த்தே அடுப்பு வைக்கிற இடத்தை முடிவு செய்ய வேண்டும், நடுவில் காற்று மாறினால் மேசையைத்தான் நகர்த்த வேண்டும். கிடுகுக் கொட்டிலுக்குக் கீழேயும் காற்றோட்டத்தில் அதற்கு நேர் முன்னாலும் அடுப்பு வைக்காதீர்கள். ஒரு சீசனில் நிலாவெளிப் பக்கம் ஒரு கொட்டில் பத்து நிமிடத்தில் சாம்பலானதைத் தூரத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கச்சானில் கிடுகு பற்றினால் வாளித் தண்ணீர் எதற்கும் காணாது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதுவரைக்கும் பெரிய காரியம்.

இறைச்சிக்கு வருவோம். கோழியும் மாடும் ஆடும் நான் கிண்ணியாவில் ஒரு கடையில் எடுக்கிறேன். கடைக்கார நானா காலையில் ஏழு மணிக்குள் வரச் சொல்லுவார். முதல் தடவை நான் தொடையைக் காட்டினபோது, "சுடுறதுக்கா? தொடைய விடுங்க தம்பி, இது கறிக்கு. இடுப்புப் பக்கம் தாறன், இழைக்குக் குறுக்கால வெட்டுங்க" என்றார். அதுதான் மாட்டிறைச்சிக்கு மொத்தப் பாடமும். இழை ஓடுகிற திசையில் வெட்டினால் எந்தத் தணலும் மெத்தாக்காது. ஆட்டில் முன்னங்காலும் தோள்பக்கமும் சவ்வு கூட, ருசியும் கூட. அந்தச் சவ்வு கரைய நேரமும் மெதுவான சூடும் வேண்டும். ஆகவே உப்பும் மஞ்சளும் இஞ்சியும் போட்டு முக்கால் மணித்தியாலம் அவித்தெடுத்து, ஆறவிட்டு, பிறகு தணலில் வாட்டுகிறேன். இதைக் களவு என்று சொல்கிற நண்பர்கள் இருக்கிறார்கள். சாப்பிடும்போது ஒருவரும் சொல்வதில்லை. முட்டைவிட்டுக் களைத்த ஊர்க்கோழிக்கும் இதே வழி. புறொயிலர் நேரே தணலுக்குப் போகலாம்.

போயா நாளில், அதாவது பௌர்ணமி விடுமுறையில், இறைச்சிக்கடை பூட்டு. வெசாக் நேரத்தில் விடுதி நிறைந்திருக்கும், கடை இருக்காது. முன்னதாகவே வாங்கி ஐஸில் வைக்கவேண்டும்.

முதல்நாள் இரவு உப்பு மட்டும். ஒரு கிலோ கோழிக்கு மட்டமாக இரண்டு தேக்கரண்டி, தோலுக்கு மேலும் உள்ளும் தடவி மூடாமல் பிரிட்ஜில் வைப்பேன். உப்பு முதலில் தண்ணீரை வெளியே இழுக்கும், பிறகு அந்தத் தண்ணீரோடு சேர்ந்து உள்ளே இறங்கும். காலையில் தோல் காய்ந்து ஒட்டியிருக்கும். அந்தக் காய்ந்த தோல்தான் தணலில் மொறுமொறுப்பாகிறது. ஈரத்தோல் முதலில் அவியும், பிறகுதான் சிவக்கும். 140 பாகை செல்சியஸுக்கு மேல்தான் இறைச்சியின் மேற்பரப்பு சிவந்து அந்த வாசம் பிடிக்கும், ஈரம் இருக்கும்வரை அந்தச் சூடு ஏறாது.

மசாலா இதுதான். ஒரு கிலோவுக்கு இஞ்சியும் உள்ளியும் அரைத்தது தலா ஒரு மேசைக்கரண்டி, மிளகாய்த்தூள் இரண்டு தேக்கரண்டி, மிளகுத்தூள் ஒன்று, வறுத்து இடித்த பெருஞ்சீரகமும் நற்சீரகமும் சேர்த்து ஒன்று, மஞ்சள் அரை, தேங்காயெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, தயிர் இரண்டு மேசைக்கரண்டி. மூதூர்ப் பக்கத்து எருமைத் தயிர்ச் சட்டி கிடைத்தால் அதுவேதான். தண்ணீர்த் தயிர் என்றால் துணியில் கட்டித் தொங்கவிட்டு வடித்தெடுங்கள், இல்லாவிட்டால் மசாலா முழுக்கத் தணலில் சொட்டும். இரண்டு, மூன்று மணித்தியாலம் ஊறினால் போதும். தேசிக்காயை இரவு முழுக்க ஊறவிடுகிறவர்கள் மேல்தசையைச் சுண்ணாம்பாக்கிவிடுகிறார்கள். நான் வாட்டி இறக்கினபிறகுதான் பிழிவேன். பப்பாசிக்காய் போடுகிறவர்கள் ஒரு கிலோவுக்கு அரைத்தது ஒரு தேக்கரண்டி, ஒரு மணித்தியாலத்துக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சினால் இறைச்சி களியாகும். சீனி, தேன், தக்காளி சோஸ் எல்லாம் கடைசி ஐந்து நிமிடத்துக்கு. முதலே பூசினால் கறுப்பதைத் தவிர ஒன்றும் நடக்காது. எங்கள் ஆட்கள் செய்கிற இன்னொரு வேலை, மசாலாவை அரை அங்குலத்துக்கு அப்புவது. தணலில் அது கருகும், கீழே இறைச்சி பச்சையாக இருக்கும். ஊறினதை வழித்துவிட்டு மெல்லிய பூச்சோடு வையுங்கள்.

கோழியை முதுகெலும்பு வெட்டி எடுத்து, நெஞ்சை அமுக்கி விரிப்பேன். ஒரே தடிப்பாக வரும். எலும்புப் பக்கம் கீழே, தணல் இல்லாத பக்கத்தில், மேலே ஒரு பழைய தாச்சியைக் கவிழ்த்து அரை மணித்தியாலம். இந்த நேரத்தில் தொடமாட்டேன். பொடியன்மாருக்கு இதுதான் பொறுக்காது, கிண்டிக்கொண்டே இருப்பார்கள். பிறகு தாச்சியைத் தூக்கினால் தோல் மஞ்சளாக, கொழுப்பு உருகி மினுங்கத் தொடங்கியிருக்கும். தொடை மூட்டுக்குக் கிட்ட ஊசியால் குத்தினால் இன்னும் இளஞ்சிவப்பாக நீர் வரும். இப்போது தேங்காய்ப்பாலும் உப்பும் மிளகும் கலந்ததைக் கறிவேப்பிலைக் கொத்தால் தொட்டுப் பூசி, தோல்பக்கம் கீழே, தணலின் விளிம்புக்குத் திருப்புவேன். சர்ரென்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் ஒரே அளவாக இருக்க வேண்டும். திடீரென்று கூடினால் கொழுப்பு பற்றப்போகிறது, உடனே வெறும் பக்கத்துக்கு இழுத்துவிட வேண்டும். தண்ணீர் தெளித்தால் சாம்பல் எழும்பி இறைச்சியில் ஒட்டும். இப்படி முன்னும் பின்னும் நகர்த்திப் பத்து, பதினைந்து நிமிடம். ஒன்றேகால் கிலோக் கோழிக்கு மொத்தம் முக்கால் மணித்தியாலத்தில் இருந்து ஒரு மணித்தியாலம் போகும், கச்சானில் கொஞ்சம் கெதி.

வெந்துவிட்டதா என்பதற்குக் கண்ணை நம்பாதீர்கள். மஞ்சளும் மிளகாயும் பூசின இறைச்சி பச்சையிலேயே வெந்தமாதிரித் தெரியும். ஒரு விருந்தாளி விட்டுவிட்டுப் போன வெப்பமானி என்னிடம் இருக்கிறது. தொடையின் தடித்த இடத்தில், எலும்பில் படாமல் குத்தி 74 பாகை காட்டினால் இறக்குவேன். வெப்பமானி இல்லையென்றால் மூட்டைப் பிரித்துப் பாருங்கள், வடிகிற நீர் தெளிவாக இருக்க வேண்டும். இறக்கினதும் வெட்டாமல் பத்து நிமிடம் வையுங்கள். பசித்த சனம் சத்தம்போடும், கட்டச்சம்பலையும் பாணையும் முதலில் கொடுத்து அடக்கலாம்.

பச்சை இறைச்சி இருந்த தட்டில் வெந்ததை வைக்காதீர்கள், ஊறவைத்த மசாலாவின் மிச்சத்தைக் கடைசியில் பூசாதீர்கள். எங்கள் ஊர்ச் சூடு சும்மா இல்லை: 32 பாகைக்கு மேல் போகிற நாளில் சமைத்த இறைச்சியை வெளியே வைக்கிற எல்லை ஒரு மணித்தியாலம்தான்.

மீனுக்கு அதிகம் சொல்ல இல்லை. விளைமீனோ பாரையோ புதிதாக இருந்தால் உப்பு, மிளகு, மஞ்சள் போதும். கம்பியை நன்றாகக் காயவைத்து எண்ணெய் தடவிய பிறகு வையுங்கள், தானாகக் கம்பியை விடும் வரை புரட்டாதீர்கள். ஒட்டுகிறது என்று பயந்தால் வாழையிலையில் சுற்றுங்கள்.

யாருக்குச் சுடுகிறோம் என்பதும் இந்த ஊரில் வேலையின் ஒரு பங்கு. ஒரே மேசைக்கு ஹலால் கேட்கிறவர், மாடு தொடாதவர், வெள்ளிக்கிழமை மச்சமே தொடாதவர் எல்லாம் வருவார்கள். நான் மூன்று கம்பித்தட்டு வைத்திருக்கிறேன். மாட்டுக்கு ஒன்று, கோழிக்கும் மீனுக்கும் ஒன்று, மரக்கறிக்கு ஒன்று. கேட்க முன்பே காட்டிவிடுவேன். கோழியை எப்போதும் ஹலாலாகவே எடுத்தால் ஒரு கணக்குக் குறையும். மரக்கறித் தட்டில் ஈரப்பலாக்காயை முழுதாகப் போட்டுத் தோல் கறுக்கும்வரை சுட்டு, உடைத்து, உப்பும் தேங்காய்ப்பூவும் போட்டுக் கொடுத்துப் பாருங்கள், கோழி கேட்டவர்களும் அந்தப் பக்கம் கை நீட்டுவார்கள். சோளனும் கத்தரிக்காயும் அப்படித்தான். கோட்டைப் பக்கம் நிற்கிற மான்களைப் பார்த்துவிட்டு வந்து "மான் இறைச்சி கிடைக்குமா" என்று காதுக்குள் கேட்கிறவர்களுக்கு மட்டும் என்னிடம் ஒரே பதில்: கிடைக்காது, கேட்கவும் கூடாது, மறியலுக்குப் போக எனக்கு விருப்பமில்லை.

முடிந்த பிறகு தணலை மணலால் மூடிவிட்டுப் போவது கடற்கரையில் நடக்கிற மோசமான வேலை. மணல் நெருப்பை அணைக்காது, சூட்டைப் பொத்திவைக்கும். மேலே ஒன்றும் தெரியாது, காலையில் ஓடி விளையாடுகிற பிள்ளையின் கால்தான் கண்டுபிடிக்கும். தண்ணீர் ஊற்றி, கிண்டி, திரும்ப ஊற்றி, கையால் தொடக்கூடிய அளவுக்கு வந்தபிறகுதான் இடத்தை விட்டுப் போகவேண்டும். மழை வந்துவிட்டது என்று தணல் அடுப்பை அறைக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ தூக்கிப் போகிறவர்கள் இன்னும் ஆபத்தானவர்கள். கரித்தணலில் இருந்து வருகிற காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. புகை வரவில்லையே என்று படுத்தவர்கள் எழும்பாமல் போயிருக்கிறார்கள். டிரம் அடுப்பு என்றால் மூடி போட்டுக் காற்றை அடைத்து வெளியிலேயே விட்டுவிடுங்கள். விடிய ஆறிக் கிடக்கும். சாம்பலைச் சல்லடையில் சலித்தால் மிஞ்சுகிற கரித்துண்டுகளை எடுத்து வைக்கலாம். ஒருமுறை எரிந்த கரி கெதியாகப் பற்றும், அடுத்த பின்னேரம் புதுக்கரிக்குக் கீழே அதைத்தான் முதலில் போடுகிறேன்.